செம்புள்ளியும் அதன் பீடமும்

(புணே வாழ் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரைபிளின் முதுகில் பொருத்தப்பட்டு, சுடுகிறவர் கண்ணுக்கு ஒரு சிறு செம்புள்ளியைக் காட்டி, அந்தப் புள்ளி எங்கே படிகிறதோ அங்கே குண்டு செல்லும் என்று உறுதி கூறுகிற 'ரெட் டாட் சைட்' என்னும் கருவியைத் தெரிந்தெடுப்பதையும் பொருத்துவதையும் பற்றி இன்று பேச வேண்டுமென்று நண்பர்கள் பணித்திருக்கிறார்கள். இலக்கியமும் இசையும் பேசிப் பழகிய அவையில் இது விசித்திரமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நாம் குடியிருக்கும் இந்தப் புணே நகரத்தின் மேற்கே, 1994-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுகளுக்காக எழுந்த பாலேவாடி விளையாட்டு வளாகத்தில், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தோளில் நீண்ட பெட்டியைச் சுமந்துகொண்டு காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள்; அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதன்மேல் எதைப் பொருத்த வேண்டும், எதைப் பொருத்தலாகாது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

மகாராஷ்டிரம் ரைபிள் வித்தையில் பெரும் பேர் பெற்ற மாநிலம். அஞ்சலி பாக்வத்தின் கீர்த்தியை நீங்கள் அறிவீர்கள். கோலாப்பூரில் பிறந்த தேஜஸ்வினி சாவந்த் 2010-இல் மியூனிக் நகரில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் உலக சாம்பியன் ஆனார். அதே கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தவரும், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்து பாலேவாடியில் பயின்றவருமான ஸ்வப்னில் குசாளே, 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் பெற்ற பதக்கமும், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து நாரங்கின் பயிற்சிக்கூடத்தில் கற்ற இளவேனில் வாலறிவனின் வெற்றிகளும் தமிழர்களுக்கு நெருக்கமானவை. இவர்களில் ஒருவரும் செம்புள்ளியைப் பார்த்து அந்தப் பதக்கங்களை வென்றவரல்லர். 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளின் சர்வதேச விதிகள் உருப்பெருக்கும் சைட்டையும் ஒளிப்புள்ளி காட்டும் சைட்டையும் அனுமதிப்பதில்லை. துளை வழியே வளையத்தைப் பார்க்கும் 'பீப் சைட்' ஒன்றே அங்கே செல்லுபடியாகும். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், பிள்ளைக்கு நல்லது செய்வதாக எண்ணி விலையுயர்ந்த செம்புள்ளிக் கருவியை வாங்கி வந்த பெற்றோரை நான் பார்த்திருப்பதுதான். பயிற்சியாளர் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பும்போது அந்தப் பிள்ளையின் முகம் வாடுவதைக் காணச் சகியாது.

அப்படியானால் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது? இதன் பூர்வ சரித்திரம் நமக்கு ஓர் இனிய உறவைக் காட்டுகிறது. பூனாவின் சயன்ஸ் காலேஜில் (இன்று பொறியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் அதே ஸ்தாபனத்தில்) சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜியின் பொருளுதவியால், காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா என்ற பார்ஸிப் பேராசிரியர் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அங்கே நிறுத்தப்பட்ட 20 அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி அக்காலத்தில் இந்தியாவிலேயே பெரியது. அதைச் செய்தவர் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநர் ஸர் ஹோவர்ட் கிரப். 1912-இல் நேகம்வாலா ஓய்வு பெற்றபோது நிலையம் மூடப்பட்டு, அந்தத் தொலைநோக்கி நம் கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டது. பூனாவின் வானத்தையும் பழனி மலையின் வானத்தையும் பார்த்த அந்தத் தொலைநோக்கியைச் சமைத்த அதே கிரப் தான், 1900-ஆம் ஆண்டில், துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரிய பிரதிபலிப்பு சைட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். வெகுதூரத்து நட்சத்திரத்தைக் கண்ணருகே கொண்டுவரத் தெரிந்தவருக்கு, கண்ணருகே உள்ள ஒரு சிறு குறியை நட்சத்திரத்தின் தூரத்துக்கு அனுப்பி வைக்கவும் தெரிந்திருந்தது. செம்புள்ளிக் கருவியின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு யுக்தியில் அடங்கியிருக்கிறது.

அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சாதாரண ரைபிளில் பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று பொருள்கள் மூன்று வேறு தூரங்களில் நிற்கின்றன. மனிதக் கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும் இயல்பு உடையது. ஆகையால் சுடுகிறவர் முன் சைட்டைத் தெளிவாக வைத்து, இலக்கு மங்கலாவதைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். வெள்ளெழுத்து வந்த பின்போ அந்த முன் சைட்டும் மங்கிவிடும். கிரப் செய்தது என்னவென்றால், வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் ஒளிரும் குறியை வைத்தால், அதிலிருந்து வரும் கதிர்கள் கண்ணாடியில் பட்டு ஒன்றுக்கொன்று இணையாகத் திரும்பும் என்ற ஒளியியல் விதியைத் துப்பாக்கியின் மேல் ஏற்றியதுதான். இணையான கதிர்களைக் கண்டதும் கண், அந்தக் குறி அனந்தமான தூரத்தில் இருப்பதாகவே கொள்கிறது. இலக்கும் குறியும் ஒரே தளத்தில், ஒரே தெளிவோடு தெரிகின்றன. கிரப் காலத்தில் குறிக்கு ஒளி தரப் போதிய சாதனம் இல்லை. இரண்டாம் உலகப் போரின் விமானங்களில் சிறு மின்விளக்கு அந்த வேலையைச் செய்தது. பிறகு ஒளி உமிழும் டையோடு வந்தது; 1975-இல் ஸ்வீடன் தேசத்து எய்ம்பாயிண்ட் என்ற கம்பெனி, அந்த டையோடை வைத்து, கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் தகுந்த சிறிய கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியின் மேல் பூசப்பட்ட மெல்லிய படலம் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி மற்ற நிறங்களை உள்ளே விடுவதால், வெளியுலகம் சற்றே நீலம் பாய்ந்தாற்போலத் தெரிகிறதே தவிர மறைவதில்லை. இரண்டு கண்களையும் திறந்துகொண்டே சுடலாம். இதுவே இதன் தலையாய சௌகரியம்.

இவ்வளவு நல்ல கருவி ஏன் பாலேவாடியின் 10 மீட்டர் கூடத்துக்கு ஆகாது என்று கேட்பீர்கள். விதி தடுக்கிறது என்பது ஒரு பதில். கணிதமும் தடுக்கிறது என்பது அதைவிட நல்ல பதில். கதிர்கள் இணையாக வருவதால், கண் கருவியின் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் ஒதுங்கினால், புள்ளி காட்டும் கோடும் அதே அளவு ஒதுங்குகிறது. 100 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கில் அந்த 5 மில்லிமீட்டர் ஒரு பொருட்டல்ல. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கிலோ, நடுப்பத்து வெறும் அரை மில்லிமீட்டர் விட்டம். அடுத்தடுத்த வளையங்கள் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் செல்கின்றன. ஆகவே கன்னம் ரைபிளின் கட்டையில் சரியாகப் படியாத ஒரே குற்றத்துக்கு இரண்டு வளையங்களை இழக்க நேரிடும், அதுவும் புள்ளி இலக்கின் நடுவில் நிற்பதாகவே கண் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது. சில கம்பெனிகள் இந்தப் பிழையை 40, 50 மீட்டரில் மறையும்படி அமைக்கிறார்கள். 10 மீட்டரில் அதனால் பெரிய மாறுதல் இல்லை. பீப் சைட்டின் சிறு துளையோ கண்ணை ஓர் இடத்தில் கட்டிப்போட்டு, தூரத்தையும் பக்கத்தையும் சேர்த்துத் தெளிவாக்கிக் காட்டுகிறது. கண்ணையும் கன்னத்தையும் மூச்சையும் ஒழுங்குபடுத்தும் அப்பியாசம் அந்தத் துளையின் வழியேதான் கைகூடும். பிள்ளைகள் அதில் தொடங்கட்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

செம்புள்ளிக்கு உரியவர் யார்? ஓடுகிற, நகருகிற இலக்கை விரைவாகக் குறிபார்க்க வேண்டியவர், முன் சைட் மங்கிப்போன வயதில் தோட்டத்தில் ஏர் ரைபிளில் தகர டப்பாவைக் குறிவைத்து மகிழும் பெரியவர், போலீஸ்காரர், போர்வீரர். அமெரிக்கத் தரைப்படை 1997-இல் எய்ம்பாயிண்ட் கருவியைத் தன் ரைபிள்களுக்கு ஏற்றுக்கொண்ட பிறகு உலகப் படைகள் பலவும் அவ்வழியே சென்றன. நம் புணேயின் பாஷாண் பகுதியில் இருக்கும் ஆயுத ஆராய்ச்சி நிலையம், இன்ஸாஸ் ரைபிளை வடிவமைத்த அதே நிலையம், இப்போது வடிவமைக்கும் கார்பைன்களில் மேல்முதுகு ரெயில் என்பது தொடக்கத்திலேயே எண்ணப்படும் உறுப்பு. சிவிலியன்களாகிய நமக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது; உரிமம் வேண்டும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லாமல் எந்தச் சைட்டைப் பற்றிய பேச்சும் பிரயோஜனமற்றது.

இனித் தெரிவு. புள்ளியின் பருமனைக் கலை என்னும் கோண அளவால் சொல்கிறார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை, அது 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். 2 கலைப் புள்ளி அங்கே 58 மில்லிமீட்டரை மறைக்கும். 6 கலைப் புள்ளி ஏறக்குறைய 17 சென்டிமீட்டரை மறைத்துவிடும். பெரிய புள்ளி கண்ணுக்குச் சட்டென்று அகப்படும். ஆனால் தூரத்து இலக்கை விழுங்கிவிடும். 50 மீட்டருக்கு அப்பால் நிதானமாகச் சுடுகிறவருக்கு 2 கலையே தக்கது, 25 மீட்டருக்குள் விரைந்து சுடுகிறவருக்கு 6 கலையும் பொருந்தும்.

கடையில் கருவியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிலர், புள்ளி வட்டமாக இல்லாமல் நட்சத்திரம்போலச் சிதறியோ வால்போல் நீண்டோ தெரிவதாகக் கூறி, பொருள் பழுது என்று கடைக்காரரோடு வாதிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது கண்ணில் இருக்கும். அஸ்டிக்மாடிஸம் என்னும் விழிக்குறை உள்ளவருக்கு ஒளிப்புள்ளி அப்படித்தான் சிதறும். கைத்தொலைபேசியின் காமிராவால் கருவிக்குள் பார்த்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவி குற்றமற்றது. அத்தகையவர் கண் மருத்துவரிடம் சரியான கண்ணாடி எழுதி வாங்கி, அதை அணிந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஒளியின் அளவைக் கூட்டினால் எவர் கண்ணுக்கும் புள்ளி பருத்துச் சிதறும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மே மாதத்து புணே வெயிலில் வேண்டிய பிரகாசம் கூடத்தின் நிழலில் கண்ணைக் கூசச் செய்யும். இலக்கின் மேல் புள்ளி தெரியும் அளவுக்குக் குறைத்து, அதற்குமேல் ஒரு படி மட்டும் ஏற்றுவது வழக்கம்.

கருவியின் அமைப்பு இரண்டு வகை. திறந்த அமைப்பில், டையோடு வெளியே பள்ளத்தில் இருக்க, ஒற்றைக் கண்ணாடி எழுந்து நிற்கிறது. மூடிய அமைப்பில் எல்லாம் ஒரு குழலுக்குள் அடங்கியிருக்கிறது. திறந்ததில் ஒரு மழைத்துளி டையோடின் மேல் விழுந்தால் புள்ளி கலைந்துவிடும். ஸஹ்யாத்ரியின் மழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே சுடுகிறவர்கள் கனத்தைப் பொறுத்துக்கொண்டு மூடிய அமைப்பையே கொள்ளட்டும். மின்கலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சிறந்த கருவிகள் நடுத்தரப் பிரகாசத்தில் 50,000 மணி எரிகின்றன.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கருவிக்குப் பெரும்பணம் கொடுத்துவிட்டு, அதைத் தாங்கும் மவுண்டை அங்காடியின் மலிவுப் பெட்டியிலிருந்து எடுப்பது நம்மவரிடையே மிகப் பரவியிருக்கும் வழக்கம். புள்ளி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது குழலோடு கொண்ட உறவு அந்தச் சில திருகாணிகளின் பிடியில் இருக்கிறது. பீடம் மயிரிழை அசைந்தாலும் புள்ளி பொய் சொல்லும். பொய் சொல்கிறது என்ற அடையாளமே இல்லாமல், அதே பிரகாசத்தோடு சொல்லும்.

ஆகவே முறையைக் கேளுங்கள். முதலில் குண்டை எடுத்து, அறையைத் திறந்து, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, உங்கள் ரைபிளின் முதுகு எவ்வகை என்று பாருங்கள். ஏர் ரைபிள்களிலும் .22 ரைபிள்களிலும் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகலமுள்ள புறாவால் பள்ளம் இருக்கும். புதிய வகைகளில் 1995-இல் அமெரிக்கப் படைத்தரமாக்கப்பட்ட பிகாடினி ரெயில், 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டப்பட்டு வருகிறது. இரண்டுக்கும் மவுண்ட் வேறு வேறு; ஒன்றை மற்றொன்றில் அழுத்திப் பூட்டுவது இரண்டையும் கெடுக்கும். குழலின் மேலோ கைப்பிடி உறையின் மேலோ அமர்த்தாமல், இயங்குபாகத்தின் கூட்டின்மேல் அமர்த்துங்கள். உறை கையின் அழுத்தத்தில் வளையும், கூடு வளையாது.

எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு மவுண்டைப் பள்ளத்தில் வைத்ததும், திருகுவதற்கு முன் அதைக் குழல்முனைப் பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் முன்சுவரில் முட்டச் செய்யுங்கள். பஸ் திடீரென முன்னே பாயும்போது நிற்பவர் பின்னே சாய்வதுபோல, ரைபிள் பின்னே உதைக்கும்போது அதன் மேலுள்ள கருவி முன்னே நகரப் பார்க்கிறது. முன்பே முட்டி நிற்பது நகர இடமில்லாமல் அடங்குகிறது. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு மட்டும் இது போதாது. அதன் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே போகிறது. பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னே இழுபடுகிறது. உதைப்பு குறைவென்று எண்ணி அதன்மேல் எளிய கருவியைப் பூட்டியவர்கள், இரண்டு திசையிலும் வரும் இந்த அதிர்ச்சியால் உள்ளே டையோடு கழன்று போனதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கருவியையும், நகராமல் தடுக்கும் ஊசி உள்ள மவுண்டையும் தேடுங்கள்.

திருகாணியைக் கைபலத்தால் முறுக்குவது நம் பட்டறைகளின் பழக்கம். அலுமினியத்தில் வெட்டிய மரைகள் அந்தப் பலத்தைத் தாங்கா. தளர்வாக விட்டாலோ ஐம்பது குண்டுகளில் கழன்றுவிடும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை வாங்கி, கம்பெனி குறித்த அளவுக்கு, ஒன்று விட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மரையில் லாக்டைட் என்னும் மரைப்பசையின் நீலநிற வகை ஒரு சொட்டுப் போதும். சிவப்பு நிறத்தது சூடு காட்டினாலன்றி விடாது. இறுகியபின் திருகாணித் தலைக்கும் மவுண்டுக்கும் குறுக்கே வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னாளில் அது விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். உயரமும் கவனத்துக்கு உரியது: கன்னம் கட்டையில் இயல்பாகப் படியும்போது கண் தானாகவே கண்ணாடியின் நடுவுக்கு வர வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டிய உயரத்தில் புள்ளி இருந்தால் அந்த மவுண்ட் உங்களுக்கு உரியதன்று.

பிறகு ஸீரோ பண்ணுதல், அதாவது புள்ளி நிற்கும் இடத்திலேயே குண்டும் விழும்படி கருவியின் திருகுகளைச் சரிசெய்தல். பத்து மீட்டரில் தாளின்மேல் குண்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, 50 மீட்டருக்குப் போய், மூட்டையின் மேல் தாங்கி, மூன்று குண்டுகள் சுட்டு அவற்றின் நடுவைக் குறியுங்கள். ஒரே குண்டை நம்பித் திருகு திருப்புகிறவர் தம் கையின் நடுக்கத்தைத் துரத்திக்கொண்டே இருப்பார். திருகின் ஒரு சொடுக்குக்கு அரைக் கலை நகரும் கருவியில், 50 மீட்டரில் ஒரு சொடுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். நடு 29 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் நான்கு சொடுக்கு மேலே. புள்ளி குழலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால், 50 மீட்டரில் ஸீரோ ஆன ரைபிள் 10 மீட்டரில் சற்றுத் தாழச் சுடும். அதைக் கண்டு மறுபடி திருகைத் தொடாதீர்கள்.

சைட் நிலை மாறிவிடுவது பெரியவர்களுக்கும் நேர்வதுண்டு. 2008-இல் பெய்ஜிங்கில், ஒலிம்பிக் தனிநபர் தங்கத்தை இந்தியாவுக்கு முதன்முதலாகக் கொணர்ந்த அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட முதல் சோதனைக் குண்டு நாலில் விழுந்ததென்றும், தகுதிச் சுற்றுக்கும் அதற்கும் இடையில் சைட் மாறியிருந்ததென்றும் தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். அவருடையது பீப் சைட். ஆனாலும் செய்தி ஒன்றே. சோதனைக் குண்டு என்ற ஏற்பாடு இருந்ததாலும், அதைக் கண்டு கலங்காமல் சொடுக்குகளை எண்ணித் திருத்திக்கொண்டதாலும் அவர் மீண்டார்.

எனவே ஸீரோ ஆன நாளில், எந்தப் பள்ளத்தில் மவுண்டு அமர்ந்தது, எவ்வளவு முறுக்கு, எத்தனை சொடுக்கு, எந்தப் பெட்டியின் குண்டு என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலம் கழிந்து துடைப்பதற்காகக் கழற்றினாலும், ரயிலிலோ விமானத்திலோ பெட்டி பயணம் செய்து வந்தாலும், அதே பள்ளத்தில் அதே முறுக்கோடு பூட்டி, வண்ணக் கோட்டைப் பார்த்து, மூன்று சோதனைக் குண்டுகள் சுட்ட பிறகே அன்றைய கணக்கைத் தொடங்குங்கள். ரைபிளோடு வந்த உலோக முன் சைட்டையும் பின் சைட்டையும் கழற்றி எறிந்துவிட வேண்டாம். மின்கலம் நின்றுபோகும் நாளில் கண்ணாடியின் வழியே அவை தெரியும் உயரத்தில் கருவி அமைந்திருந்தால், வேலை தடைப்படாமல் நடக்கும்.